சிப்பாய் சாகும் காட்சி

சினிமாக்காரர்களை நான் நம்புவதில்லை. பொய்தான் அவர்களுக்குத் தொழில். ஆனாலும் செண்பகத்தோப்பில் இருக்கும் என் மாந்தோப்பைப் படப்பிடிப்புக்குக் கொடுத்தேன். டைரக்டர் வேதசிரோமணியின் படம் என்றால் என் வீட்டில் சின்னது பெரியது எல்லாம் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கும். யாரும் நெளிய வேண்டியதில்லை. அதற்காகத்தான் கொடுத்தேன். தோப்போடு என் நாய் சிப்பாயையும் கேட்டார்கள். வெள்ளை ராஜபாளையம் நாய். வேற்றாள் கிட்டே போக முடியாது.

படத்தில் ஒரு தாத்தா, ஒரு பேத்தி, ஒரு நாய். தாத்தாவாக நடித்தவர் பால்ச்சாமி. முப்பது வயதிலேயே தலையில் மாவைப் பூசித் தாத்தாவாக நடிக்க ஆரம்பித்தவர். இப்போது மாவு தேவையில்லை. பேத்தி, மம்சாபுரத்துப் பிள்ளை ஸ்வீட்லின். ஏழு வயது. இதற்கு முன் நடித்ததில்லை. ஒரு வாரத்தில் சிப்பாய் அவள் காலடியே கதியென்று கிடந்தான். நான் கூப்பிட்டால்கூடத் திரும்பவில்லை.

நாய் சாகிற காட்சி எடுக்கும் நாள் வந்தது. சிப்பாயைப் புளியமரத்துக்குப் பின்னால் கட்டி எலும்பு போட்டிருந்தேன். உதவி டைரக்டர் ராம்கி என்னிடம் வந்தான்.

"ஐயா, நாயை வேன்ல ஏத்தி மறைச்சிருவோம். பாம்பு கடிச்சு செத்துப்போச்சுன்னு பிள்ளைகிட்ட நீங்க சொல்லணும். நீங்க சொன்னாத்தான் நம்புவா. அழுகை நெசமா வரும்."

"பொறவு?"

"எடுத்து முடிச்சதும் காட்டிருவோம். செத்த நேரந்தான்."

"ஏலே, ஒங்கம்மா செத்துப்போயிட்டான்னு ஒனக்குச் செத்த நேரம் சொல்லட்டுமா? நாயை அவுத்துட்டு வீட்டுக்குப் போறேன். படமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்."

சத்தம் கேட்டு பால்ச்சாமி டீ கிளாசோடு வந்தார்.

"என்ன அண்ணாச்சி, நாய்க்குப் பதிலா நீங்க குலைக்கீய?"

விஷயத்தைச் சொன்னேன். ராம்கியைத் திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. டீயைக் கீழே வைத்துவிட்டு நேரே பிள்ளையிடம் போனார்.

"ஏட்டி, சிப்பாய் எங்க?"

"புளியமரத்துக்குப் பின்னால. எலும்பு திங்கான்."

"சரி. இப்ப அவன் செத்துப்போன மாதிரி நான் நடிப்பேன். நீ என்ன செய்வ?"

"எனக்கு அழுக வராதே தாத்தா."

"வரலைன்னா அழாத. என்ன தோணுதோ அதைச் செய்யி."

மலைக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் போனால் அன்றைய வேலை பாழ். ராம்கி டைரக்டரைப் பார்த்தான். வேதசிரோமணி காமிராவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

பால்ச்சாமி தரையில் குந்தி, காட்சிக்காகக் கழற்றி வைத்திருந்த நாயின் கழுத்துப்பட்டையைக் கையில் எடுத்தார். கத்தவில்லை, நெஞ்சில் அடித்துக்கொள்ளவில்லை. பட்டையில் இருந்த மண்ணை வேட்டி நுனியால் துடைத்தார். மண் போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். தோள் மட்டும் குலுங்கியது.

பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அழாதீய தாத்தா! சிப்பாய் சாகல. அந்தா, அந்த மரத்துக்குப் பின்னால நிக்கான். வந்து பாருங்க!"

காரியம் கெட்டது என்று ராம்கி தலையில் கை வைத்தான். ஆனால் யாரும் அசையக் கூடாது என்று டைரக்டரின் கை உயர்ந்தது. காமிரா ஓடிக்கொண்டே இருந்தது.

பால்ச்சாமி மெல்ல நிமிர்ந்தார். அவள் விரல் காட்டிய பக்கம் பார்த்தார். அங்கே ஒன்றுமே இல்லாதது போலப் பார்த்தார். பிறகு, பிள்ளை மனசு நோகக் கூடாதே என்கிற மாதிரி தலையை ஆட்டினார்.

"ஆமாட்டி. நிக்கான்."

லைட் பிடித்தவன் கண்ணைத் துடைத்தான். ராம்கி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

நாயைக் கட்டியது நான். முடிச்சுப் போட்டதும் நான். ஆனாலும் அந்த மனுசன் பார்த்த பார்வைக்குப் பிறகு எனக்கு நிலைகொள்ளவில்லை. டைரக்டர் 'கட்' சொன்னதுதான் தாமதம், புளியமரத்தைப் பார்த்து ஓடினேன்.

சிப்பாய் எலும்பிலிருந்து தலையைத் தூக்கி, என்னைப் பார்த்து உறுமினான்.