முந்திக்கொண்ட டாக்டர்

அந்த டாக்டரின் சைக்கிள் மணியைக் கேட்டாலே எனக்கு வயிற்றெரிச்சல். டாக்டர் தேவராஜ் ஆவடியில் டிஸ்பென்சரி வைத்த ஆறே மாதத்தில் எங்கள் நெமிலிச்சேரியில் பாதி வீடு அவன் பக்கம் போய்விட்டது. மூன்று தலைமுறையாக நாடி பார்க்கிற குடும்பம் என்னுடையது. நேற்று மெட்ராஸில் எல்.எம்.பி. டாக்டர் படிப்பு முடித்த பொடியன் ரப்பர் குழாயைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தால் ஜனங்கள் எழுந்து நிற்கிறார்கள். என்னைக் கண்டால், "இன்னா பரந்தாமன் வைத்தியரே, சவுக்கியமா?" என்று உட்கார்ந்தபடியே கேட்கிறார்கள். ஊரே போய்த் தொலையட்டும் என்று விட்டிருப்பேன். செங்கல்வராயனும் அவன் பக்கம் போனதைத்தான் தாங்க முடியவில்லை.

செங்கல்வராயன் என் சிறுவயது சிநேகிதன். ஏரிப் பாசனத்தில் ஆறு காணி பயிர் வைத்தவன். அவனுக்கு ஒரே பெண், வசந்தா. தன் இஷ்டத்துக்கு வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு ரங்கூனுக்குக் கப்பலேறி நாலு வருஷம் ஆகியிருந்தது. அவள் போட்ட கடுதாசி ஒன்றையும் இவன் பிரித்ததில்லை.

யுத்தத்துக்கு முந்தின வருஷம் ஐப்பசியில் வயிற்றில் கட்டி வந்து படுத்தான். நாடியைப் பிடித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, இவன் தை பார்க்கமாட்டான். எங்கள் முறையில் இதை நோயாளியிடம் சொல்லக்கூடாது. வீட்டுப் பெண்பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, "இனிமே பத்தியம் வேணாம்மா, வாய்க்குப் பிடிச்சதைக் குடு" என்றால் போதும். புரிந்துகொண்டு சொந்தபந்தத்துக்கு ஆள் அனுப்புவார்கள். அவன் பெண்சாதி நாகவல்லியிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று மூன்று நாள் தள்ளினேன். அதற்குள் தேவராஜ் முந்திக்கொண்டான்.

நாலாம் நாள் காலை போனால், இருபது வருஷமாக நான் உட்கார்கிற முக்காலியில் அவன் உட்கார்ந்திருந்தான். நான் பிடிக்கிற கையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"மச்சான், டாக்டரு பட்டுனு சொல்ட்டாரு. மிஞ்சிப்போனா ரெண்டு மாசமாம்" என்றான் செங்கல்வராயன். குரலில் பயமே இல்லை. "வசந்தாவ உடனே வரச்சொல்லி தந்தி எழுதிக்கீது, அவரு பையில வெச்சிக்கீறாரு. ஆனா உன் வாயால கேக்கணும் மச்சான். நீ நாடி பாத்து இன்னா சொல்றியோ, அதான் முடிவு."

என்னைத்தான் நம்புகிறான் என்று ஒரு கணம் உள்ளம் குளிர்ந்தது. அடுத்த கணம் தேவராஜ் எழுந்து முக்காலியை மரியாதையாக என் பக்கம் நகர்த்தினான். என் இடத்தை எனக்கே விட்டுக்கொடுக்கிறானாம்! உச்சந்தலை வரை எரிந்தது.

நாடியைப் பிடித்தேன். முன்னைவிட மோசம்.

"ரெண்டு மாசமா? எவன் சொன்னது? நாடி கெட்டியா கீது. ஒரு மண்டலம் பத்தியம் இரு. புளி ஆவாது, மீனு ஆவாது. தையில நீயே களத்துல நின்னு நெல்லு அளப்பே."

நாகவல்லி என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். சாகப்போகிறவனுக்கு எந்த வைத்தியனும் பத்தியம் வைக்கமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். செங்கல்வராயன் தலையணையைத் தள்ளிவிட்டு எழுந்தே உட்கார்ந்துவிட்டான். "அந்தத் தந்தியக் கிழிச்சிப் போடுங்க டாக்டரே. நான் இன்னாத்துக்கு அவளாண்ட பணிஞ்சி போவணும்?"

தேவராஜ் என் பின்னாலேயே தெருவுக்கு வந்தான். "ஐயா, உங்களுக்கும் தெரியும்தானே?"

"தெரிஞ்சா இன்னா? சாவப்போறவனுக்கு நாள் குறிச்சிக் குடுக்கறது உங்க காலேஜு படிப்பு. எங்க முறையில அது பாவம்."

"சரி, அவர்கிட்ட சொல்ல வேண்டாம். அந்த அம்மாகிட்டயாவது சொல்லுங்க. அதுதானே உங்க முறை? பொண்ணு வந்து சேரணுமே."

நியாயமான பேச்சுதான். அதனால்தான் பொறுக்கவில்லை. "எங்க முறைய எனக்கே சொல்லித் தர்றியா நைனா? வந்த வழியப் பாத்துப் போ" என்றேன்.

அதற்குப் பிறகு செங்கல்வராயன் டாக்டரை வாசற்படி ஏற விடவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். சிநேகிதன் என் கண்ணெதிரே துரும்பாக இளைத்தான். நான் என் முக்காலியில் உட்கார்ந்து கஷாயம் கொடுத்தேன். தினமும் காலையில் நாகவல்லியிடம் சொல்லிவிடலாம் என்று கிளம்புவேன். சொன்னால் தேவராஜ் சொன்னதே சரி என்று ஆகிவிடுமே என்று நினைத்ததும் வாய் அடைத்துக்கொள்ளும். விரால் மீன் குழம்பு வேண்டும் என்று அவன் கெஞ்சியபோது, "பத்தியம் கெட்டுடும்" என்று அவள் ரசமில்லாத சோற்றைப் பிசைந்து ஊட்டினாள்.

"மண்டலம் முடியட்டும் மச்சான்" என்றான் என்னிடம். "கோவம்லாம் போச்சி. நானே கப்பலேறிப் போயி வசந்தாவப் பாத்துட்டு வந்துடறேன்." முப்பத்தோராம் நாள் உச்சிவேளையில் செத்துப்போனான்.

சாவுச் செய்தி தந்தியில் போய், வசந்தா வந்து சேர்ந்தபோது காரியம்கூட முடிந்திருந்தது. இடுப்பில் அவன் பார்க்காத பேரனோடு என் வீட்டுக்கு வந்தாள். என்னைத் திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று தலைகுனிந்து நின்றேன். அவளோ குழந்தையை இறக்கிவிட்டு என் காலைத் தொட்டாள்.

"மனசுல வெச்சிக்காதீங்க மாமா. டாக்டரு எல்லாம் சொன்னாரு. அப்பாவுக்கு வந்த நோவு நாடியில தெரியாதாமே. 'வைத்தியர் மேல வருத்தப்படாதம்மா, அவருக்குத் தெரிஞ்சிருந்தா அவரே உன்னைக் கூப்பிட்டிருப்பாரு'ன்னாரு."

சாகக் கிடந்தவனிடமே பொய் சொல்லாதவன் எனக்காக ஒரு பொய் சொல்லியிருக்கிறான். நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும், அந்தப் பெண் நிம்மதியாகக் கப்பலேறியிருப்பாள். ஆனால் அவனுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாதாம்! மூன்று தலைமுறை நாடி பார்த்த கைக்குத் தெரியாதாம்!

"யாருக்குத் தெரியாது?" என்று கத்தினேன். "அந்தப் பையன் சொல்றதுக்கு மூணு நாள் மின்னாடியே எனக்குத் தெரியும்!"

வசந்தா என் காலிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

"மின்னாடியேவா மாமா?" என்றாள்.