கீட்டோ போகும் நெடுஞ்சாலை

ஈக்குவடோர் நாட்டின் ஊர்களைத் தெற்கிலிருந்து வடக்காக இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை, நாங்கள் அகதியாக வந்து குடியேறிய மில்லிக்கனில், எங்கள் சமையலறை மேசைமேல் வரைபடமாக விரிந்து கிடந்தது. குவெங்கா, அலவுசி, ரியோபம்பா, கீட்டோ. அந்த வழியில் எங்கேயோ என் மனைவி கமலாம்பிகையின் தம்பி துஷாந்த் பாஸ்போர்ட் இல்லாமல் வந்துகொண்டிருந்தான். விடிந்தால் கீட்டோவில் விமானம். தவறவிட்டால், ஆட்களைக் கள்ளமாகக் கூட்டிவரும் ஏஜென்சிக்காரன் இன்னொரு தரம் ஏற்றமாட்டான்.

எல்லாம் இவள் பார்த்த வேலை. குவெங்காவில் பஸ் ஏறுமுன் அவன் இவளுக்குப் போன் எடுத்தான். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம், ஏஜென்சிக்காரனிடம் வயிற்றுக்குத்து என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் வா என்றாள். அக்கா சொல் தட்டாத பிள்ளை. ஏஜென்சிக்காரன் மற்றப் பெடியங்களோடு போய்விட்டான். எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் தன் பையில் வைத்திருப்பது அவன் வழக்கம். பஸ் போன பிறகுதான் துஷாந்துக்கு அது நினைவு வந்தது.

ராகுகாலம் பார்த்துத்தானா ஊரை விட்டு ஓடிவந்தோம் என்று கத்தினேன். அவள் துடைத்த கோப்பையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

நாலு மணிக்கு மறுபடி அழைத்தான். நானும் காதைக் கொண்டுபோய் ரிசீவரோடு வைத்தேன்.

"அக்கா, அலவுசிக்குக் கிட்ட மலை சரிஞ்சு றோட் பூட்டு. சனம் சேத்துக்குள்ளாலை நடந்து அங்காலை நிக்கிற பஸ்ஸில ஏறுது. நடுவிலை ஆமி நிண்டு பேப்பர் பாக்கிறான். போகட்டோ, நிக்கட்டோ? நேரம் எப்பிடி?"

வெள்ளி பின்னேரம் மூன்றிலிருந்து நாலரை வரை எமகண்டம். இவளோடு குடும்பம் நடத்தும் எனக்கே அது மனப்பாடம். அவள் ரிசீவருக்குள் சொன்னாள்:

"நல்ல நேரம் தம்பி. மூட்டை தூக்கிற ஆக்களோடை சேர்ந்து நட. இப்பவே."

போனை வைத்துவிட்டு நிலத்தில் அப்படியே குந்திவிட்டாள். பத்து மணி தாண்டி ஏஜென்சிக்காரன் கீட்டோவிலிருந்து போன் எடுத்து, ஆள் சேறும் சகதியுமாக வந்து சேர்ந்துவிட்டான் என்ற பிறகுதான் இருவரும் தண்ணீர் குடித்தோம்.

இங்கே வந்திறங்கிய அன்று, விமான நிலையத்திலிருந்து எங்கள் காரில் வரும்போது துஷாந்த் பின் சீட்டிலிருந்து சொன்னான்:

"எனக்கு முன்னாலை போனவனை ஆமி மறிச்சவன், அத்தான். நான் பயப்பிடேல்லை, நிமிர்ந்து நடந்தன். அக்கா நேரம் பாத்துத்தானே சொன்னவ."

கமலாம்பிகை முகத்தைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள். அக்காவுக்குச் சந்தோசம் என்றான் அவன். ஓம் என்றேன் நான்.