ஊமை டிவியில் பெப்போ

சிறுவயதுக் கூட்டாளி புனிதன், வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தியைப் போட்டதிலிருந்து தர்மராஜுக்குச் சோறு இறங்கவில்லை. ரப்பர் தோட்டத்துப் பழைய ஆள்கள் வருஷத்துக்கு ஒருமுறை தம்பின் டவுன் மண்டபத்தில் கூடுவார்கள். இந்த முறை அங்கே பெரிய திரையில் பெப்போ ஓடுமாம்! வீடியோ கேமிலிருந்து பிறந்த கார்ட்டூன் அது. மண்டையில் மிளகாய்க் காம்போடு பெப்போ குதித்துக்கொண்டே இருப்பான். முப்பது வருஷமாக இவர்கள் யாரும் பார்க்காத கடைசிப் பாகத்தைப் புனிதன் எங்கேயோ தோண்டி எடுத்துவிட்டான். அதுவும் கீழே தமிழ் எழுத்தோடு.

அந்த எழுத்துதான் தர்மராஜுக்கு எமன்.

புக்கிட் செரோஜா தோட்டத்தில் அன்றைக்குக் கலர் டிவி வைத்திருந்தவர், ஆள்களை வேலை வாங்கும் மண்டோர் சன்னாசி ஒருவர்தான். சனிக்கிழமை பிள்ளைகள் அவர் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்க்கலாம். ஆனால் சத்தத்தை அறவே அடக்கிவிடுவார். மனுஷனுக்கு அவ்வளவு தாராள மனசு! டவுன் பள்ளியில் படித்த தர்மராஜ்தான் வாயசைவைப் பார்த்தே இங்கிலீஷைத் தமிழில் சொல்லுவான். கார்ட்டூனுக்கு ஏதடா வாயசைவு என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. இங்கிலீஷ் பரீட்சையில் அவன் எத்தனை மார்க் என்றும் கேட்டதில்லை.

அவன் சொன்ன கதையில் ஒரு மீசைக்காரன் உண்டு. பெப்போவின் அப்பாவை அடைத்து வைத்தவன், காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் பிந்தி வந்தவனின் பேரை வெட்டி அன்றைய கூலியைப் பிடிக்கிறவன், பேசுமுன் இரண்டு தடவை செருமுகிறவன். மூன்று உயிர் தீர்வதற்குள் பெப்போ அவனைத் தீர்க்க வேண்டும். எல்லாமே தர்மராஜின் கைச்சரக்கு. அந்தச் சரக்கால்தான் 'இங்கிலீஷ் தெரிஞ்ச பையன்' ஆனான், பிறகு பழைய தோட்டத்து ஆள்களின் சங்கத்துக்குத் தலைவர் ஆனான். இந்த வருஷக் கூட்டத்திலும் படம் முடிந்ததும் மறுபடி அவனையே தலைவராக்கப் போகிறார்கள். அன்று, கதை முடியவேண்டிய சனிக்கிழமை மட்டும் மண்டோர் டிவியை அணைத்து ஜன்னலைச் சாத்திவிட்டார்.

கூட்டத்தன்று மண்டபத்தில் படம் ஓடியது. மீசைக்காரன் தடியை ஓங்கிக்கொண்டு பெப்போவைத் துரத்தினான். கீழே எழுத்து வந்தது: 'தம்பி, குடையை மறந்துட்டுப் போறியே!'

மீசைக்காரன் வில்லனே இல்லை. கேமில் பெப்போவுக்குக் கூடுதல் உயிர் விற்கும் கடைக்காரன்; ஓங்கிய தடிதான் குடை, பாகத்துக்குப் பாகம் அதைத் திருப்பிக் கொடுக்கத்தான் ஓடிவந்திருக்கிறான். பெப்போவின் அப்பாவுக்காகச் சின்ன வயதில் அழுது காய்ச்சலில் விழுந்த விமலா எழுந்து, அப்பா எங்கே என்று கேட்டாள். எழுத்துப் போட்டவன் அரைகுறை என்று புனிதன் சத்தியம் செய்தான். சத்தத்தை அணைத்து, மைக்கைத் தர்மராஜ் கையில் திணித்தான்.

"எழுத்து தப்புலா. நீயே சரியா சொல்லுண்ணே."

தப்பிக்க இதைவிட நல்ல சந்து கிடைக்காது. ஆனால் முன்வரிசைச் சக்கர நாற்காலியில் சன்னாசி உட்கார்ந்திருந்தார். எண்பத்திரண்டு வயதில் உடம்பு பாதியாகியிருந்தது, மீசை மட்டும் அப்படியே இருந்தது. அவரைப் பார்த்துக்கொண்டு அந்தப் பொய்யை இன்னொரு தடவை சொல்லத் தர்மராஜுக்கு நாக்கு எழவில்லை.

"எனக்கு அப்ப இங்கிலீஷே தெரியாது. எல்லாம் நானா கட்டிவிட்டது."

சன்னாசி இரண்டு தடவை செருமினார்.

"தெரியும்டா. சத்தத்தக் கொறச்சதே நீ சொல்ற கதையக் கேக்கத்தான். மீசைக்காரன் நான்தான்னு மூணாவது வாரமே புரிஞ்சிருச்சு."

தர்மராஜுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அப்படியானால் கடைசி நாள் ஏன் ஜன்னலைச் சாத்தினீர்கள் என்று கேட்டான்.

"அன்னிக்கு நீ என்னக் கொன்னுருப்ப. புள்ளைங்க எல்லாம் கைதட்டியிருக்கும்." கிழவர் திரையைப் பார்த்தபடியே சொன்னார். "அதக் கேக்க எனக்குத் தெம்பு இல்ல."

தலைவர் பதவி பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. புனிதன் படத்தை முதலிலிருந்து ஓடவிட்டான், சத்தமில்லாமல். மீசைக்காரன் மறுபடி ஓடிவந்தான். தர்மராஜ் மைக்கை வாயருகே கொண்டுபோய், ஆயுளில் முதல் தடவையாக, எழுதியிருந்ததை அப்படியே சொன்னான்.

"தம்பி, குடைய மறந்துட்டுப் போறியே."