நான்கு விநாடித் தயாபரன்

லூப் பெட்டி வாங்க வருகிறவர்கள், தங்கள் பெயரை வேறு யாராவது கூப்பிடும் ஒலித்துண்டு ஒன்றைக் கொண்டுவர வேண்டும். நான்கு விநாடி போதும். எல்லாக் கடையிலும் உள்ள வழக்கம்தான். தயாபரன் வெறுங்கையோடு போய் நின்றான்.

கடை மூன்றாவது மாடியில் இருந்தது. மனதுக்குள் விலையை நினைத்தால் அங்கே நடைவழி நீண்டுவிடும். அவன் எதையும் நினைக்காமல் நடந்து பதினோரு அடியில் கடையை அடைந்தான்.

எஸ்தர் அக்கா ஒரு காதை ஹெட்போனுக்கும் ஒரு காதை வாடிக்கையாளருக்கும் கொடுத்திருந்தாள்.

"என்ன தம்பி?"

"லூப் பெட்டி. கல்யாண மண்டபத்துல டிஜே பண்றேன்."

அவள் இரண்டு பெட்டிகளை மேசைமேல் வைத்தாள். இரண்டும் செய்கிற வேலை ஒன்றுதான். ஓர் ஒலித்துண்டைப் பிடித்துக்கொண்டு, நிறுத்தும்வரை திரும்பத் திரும்ப ஓடவிடும். பெரியதில் பதினாறு பட்டன். சின்னது செங்கல் அளவு, ஒரே பட்டன்.

"சின்னதுல ஒரு துண்டுதான் நிக்கும். புதுசா பதிஞ்சா பழசு போயிடும். பெருசுல முந்நூறு நிக்கும்." அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "முந்நூறு பேர் உங்களக் கூப்பிடுவாங்களா?"

தயாபரன் பெரிய பெட்டியை மெல்ல அவள் பக்கம் நகர்த்தினான்.

"சின்னதே போதும்க்கா."

"அதுக்கும் ஒருத்தர் வேணுமே."

அவள் ஒரு ரெக்கார்டரைக் கொடுத்தாள். "நாலு மணிக்குள்ள வந்துடுங்க. அதுக்கப்புறம் இந்த மாடி இருக்காது."

அவன் படியிறங்கினான். ஏழு வருடமாக மண்டபங்களில் மைக் பிடிக்கிறான். சொந்தக்காரர்கள் துண்டுச் சீட்டில் பெயர் எழுதிக் கொடுப்பார்கள். பாட்டுக்கு நடுவே வாசிப்பான். பெரியப்பாக்கள், நாத்தனார்கள், வெளியூர் மச்சான்கள் என்று ஆயிரக்கணக்கான பெயர்கள் அவன் வாய்வழியாகப் போயிருக்கின்றன. அவன் பெயர் எந்தச் சீட்டிலும் வந்ததில்லை. மண்டபத்தில் அவன் டிஜே. வீட்டு உரிமையாளருக்கு மாடி ரூம். கடைசியாக யார் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று யோசித்தான். ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடம் ஞாபகத்துக்கு வந்தது. அங்கேயும் பாதிப் பெயர்தான்.

அம்மாவுக்குப் போன் செய்தான்.

"டேய், சாப்ட்டியா?"

"அம்மா, என் பேரச் சொல்லு."

"எதுக்குடா? மறந்துட்டியா?"

"ஒரே ஒரு தடவம்மா."

"பைத்தியம். அடுப்புல பால் இருக்குடா." இணைப்பு அறுந்தது.

'டேய்' செல்லாது. ரெக்கார்டரின் பின்புறத்திலேயே அச்சடித்திருந்தார்கள்.

எதிர்வீட்டு வேணுகோபால் சார் போன ஆடியில் மேசை மின்விசிறியாகிவிட்டார். அவருடைய மனைவி அவரை ஜன்னலோரம் வைத்திருந்தாள். தயாபரன் அவரிடம் விஷயத்தைச் சொன்னான். அவர் தலையை இடமிருந்து வலமாகத் திருப்பினார். பிறகு வலமிருந்து இடமாக.

"தப்பா நினைக்காதீங்க," என்றாள் அவள். "எல்லாருக்கும் அதையேதான் சொல்றார்."

"நீங்க சொல்லுங்களேன்."

"உங்க பேரு என்ன?"

"தயாபரன்."

"நல்ல பேரு," என்று சொல்லிவிட்டு அவரை இரண்டாம் எண்ணில் வைத்தாள்.

மணி இரண்டு. தெருமுனை மண்டபத்தில் கல்யாணச் சாப்பாடு கடைசிப் பந்தியில் இருந்தது. மேடையோரம் மைக்கோடு நின்றவன் சேவியர். தயாபரனைப் போலவே அவனும் டிஜே.

"வா தலைவா!"

"சேவியர், மைக்குல என் பேரச் சொல்லேன்."

"சீட்டு?"

"சீட்டெல்லாம் எதுக்கு?"

"சீட்டு இல்லாம எங்கப்பன் பேரையே சொல்ல மாட்டேன். உனக்குத் தெரியாததா?"

தயாபரனுக்குத் தெரியும். ஒரு சீட்டைக் கிழித்து எழுதினான். பெயரோடு நிறுத்தியிருக்கலாம். ஏழு வருடப் பழக்கம் கையை விடவில்லை. 'தயாபரன் எங்கிருந்தாலும் உடனடியாக மேடைக்கு வரவும்' என்று எழுதிவிட்டான்.

சேவியர் அதை எதிரொலியோடு வாசித்தான்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை உயர்த்திக்கொண்டு நிமிர்ந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

"தயாபரா!"

"எப்பா தயாபரா, எங்கப்பா போய்ட்ட?"

"தயாபரன் சாப்ட்டானா? அவனுக்கு ஒரு இலை போடுங்கம்மா!"

தயாபரன் ரெக்கார்டரை உயர்த்திப் பிடித்தான். முழுதாகப் பதிந்து முடியும்வரை நகரக் கூடாது. நான்கு விநாடிகள் கழித்து அது கிளிக் என்றது. அவன் மேடையை நோக்கி ஓர் அடி வைத்தான்.

மேடையில் ஏற்கெனவே ஒருவர் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, நரைத்த மீசை. மணப்பெண்ணின் அப்பா அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். யாரோ அவர் நெற்றியில் சந்தனம் வைத்தார்கள்.

"நான்தாங்க தயாபரன்," என்றான் பக்கத்திலிருந்த அம்மாளிடம்.

"வெளையாடாதீங்க தம்பி," என்றாள் அவள். "அவர்தான் வந்துட்டாரே."

நான்கு மணிக்குச் சில நிமிடங்கள் இருக்கும்போது எஸ்தர் அக்கா ஒலித்துண்டைக் கேட்டாள்.

"யாரக் கூப்பிடறாங்க?"

"தயாபரனை."

"நீங்க யாரு?"

"தயாபரன்."

"அப்ப சரி," என்று ரசீதில் முத்திரை குத்தினாள். ரெக்கார்டரைத் திரும்ப வாங்கிக்கொண்டு, துண்டைப் பெட்டிக்குள் ஏற்றிக் கொடுத்தாள். அவன் கீழே வந்து நிமிர்ந்து பார்த்தபோது கட்டடத்தில் இரண்டு மாடிகள் இருந்தன.

அறைக்கு வந்ததும் பட்டனை அழுத்தினான். "தயாபரா!" என்றது பெட்டி. "எப்பா தயாபரா, எங்கப்பா போய்ட்ட?" மறுபடி, "தயாபரா!" அவன் கட்டிலில் உட்கார்ந்து கேட்டான். பதினைந்தாவது முறை கதவு தட்டப்பட்டது.

மேடையில் நின்றவர்தான். நெற்றிச் சந்தனம் இன்னும் அழியவில்லை. மூச்சு வாங்கியது.

"கூப்பிட்டுக்கிட்டே இருக்கீங்களே. கை கழுவக்கூட விடலயே."

"உங்க பேரு தயாபரனா?"

"இல்ல. சிங்காரவேலு. வேன் டிரைவர்."

"அப்புறம் ஏன் மேடைக்குப் போனீங்க?"

"யாரும் எந்திரிக்கல. அவ்ளோ ஆசையாக் கூப்பிட்டாங்க. வீணாப் போகுதேன்னு போனேன்."

"உங்கள யாரும் கூப்பிடறதில்லயா?"

"கூப்பிடுவாங்க. மைக்குலயே கூப்பிடுவாங்க. வெள்ள வேன், நாலு ஏழு ரெண்டு ஒண்ணு, வழிய மறிச்சு நிக்குது, வந்து எடுக்கவும்." அவர் சிரித்தார். "பதினாலு வருஷமா."

பெட்டி கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் இரண்டு பேரும் திரும்பினார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்கள்.

ஒரு துண்டுதான் நிற்கும் என்பது தயாபரனுக்கு நன்றாகத் தெரியும். பட்டனை அழுத்திப் பிடித்தான். தன் தொழில் குரலில், பெரிய மண்டபத்துக்குச் சொல்வதுபோல, "நம்ம சிங்காரவேலு வந்துட்டாரு!" என்றான். விரலை எடுத்தான்.

"நம்ம சிங்காரவேலு வந்துட்டாரு!" என்றது பெட்டி. "நம்ம சிங்காரவேலு வந்துட்டாரு!"

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"டீ வாங்கிட்டு வரேன்," என்றான் தயாபரன். அவர் காதில் விழவில்லை.

அவன் பிளாஸ்க்கோடு திரும்பி வந்தபோது கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினான். உள்ளே சத்தம் சற்றுக் குறைந்தது.

"யாரு?"

"தயாபரன்."

"எந்தத் தயாபரன்?"

நடைவழியில் வேறு யாரும் இல்லை. தயாபரன் பிளாஸ்க்கைத் தரையில் வைத்தான். தன் பெயர் இன்னொரு தடவை வரட்டும் என்று காதைக் கதவில் வைத்துக்கொண்டு மறுபடியும் தட்டினான்.