கடைசி அறை வரைக்கும்

கைப்பேசியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவன் அந்தக் கடைசி அறையின் நடுவில் நின்றான். திரை மூலையில் சிக்னல் ஒரே ஒரு கோடாகத் தெரிந்தது. அதுவும் உள்ளே வரலாமா வேண்டாமா என்று தயங்கும் விருந்தாளி மாதிரி வந்து வந்து போனது. அந்த அறையில் இருப்பவள் கதவோரம் நின்று, கைப்பேசியைப் பார்க்காமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இங்க வரைக்கும் நல்லா எடுக்குமா தம்பி?”

“எடுக்கும்க்கா. புதுக் கனெக்‌ஷன் இல்லையா, ரெண்டு நாள் போனா செட் ஆயிடும்.”

வாய் கூசாமல் சொன்னான். போடப் போடப் பழகிவிடுவதற்கு அது ஒன்றும் புதுச் செருப்பு இல்லை என்பது அவனுக்குத் தெரியாதா என்ன? பத்து வருடமாக வீடு வீடாகப் போய் இணைய இணைப்பு போடுகிறவன். ரூட்டரை எங்கே வைத்தால் சிக்னல் எதுவரை போகும், எந்தச் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும் என்பதெல்லாம் வீட்டுக்குள் கால் வைத்ததுமே பிடிபட்டுவிடும். இது ரயில் பெட்டி மாதிரி நீளமான வீடு. வாசலை ஒட்டி ஹால், அடுத்து ஒரு படுக்கையறை, பிறகு சமையலறை, அதையும் தாண்டினால் துணி காயப்போடும் நடை, அதற்கும் பின்னால் இந்த அறை. நடுவில் பழைய காலத்துத் தடிச் சுவர்கள். போதாக்குறைக்குச் சமையலறையில் ஆளுயரத்துக்கு ஒரு ஃபிரிட்ஜும் இரும்பு அலமாரியும். ரூட்டரை ஹாலில் வைத்தால் இந்த அறை கணக்கிலேயே வராது. இங்கே வரை ஒரு கேபிளை இழுத்து இன்னொரு ரூட்டரைப் பொருத்த வேண்டும். அதற்கு மூன்று இடத்தில் துளை போட வேண்டும், ஏணி வேண்டும், இரண்டு மணி நேரம் கூடுதலாக வேண்டும்.

வீட்டுக்காரருக்கு ஹாலில் டிவி ஓடினால் போதும். அவருடைய மனைவிக்குச் சுவர் முக்கியம். “இப்பதாங்க பெயிண்ட் அடிச்சோம். ஓட்டை கீட்டை போட்டு வச்சிடாதீங்க,” என்று அவன் டிரில்லிங் மெஷினை வெளியே எடுப்பதற்கு முன்பே சொல்லிவிட்டாள். உள்ளுக்குள் அவனுக்கு அது வசதியாகத்தான் போயிற்று. அன்றைக்கு இன்னும் மூன்று வீடு பாக்கி. ஆபீஸில் அவனுக்கு ‘எக்ஸ்பிரஸ்’ என்று பெயர். மற்றவர்கள் நாலு வீடு முடிக்கிற நேரத்தில் அவன் ஆறு முடிப்பான். அந்தப் பெயரில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. டிவிக்குப் பக்கத்தில் ரூட்டரை மாட்டி, பெயரும் பாஸ்வேர்டும் வைத்து, ஹாலிலேயே நின்று வேகத்தைச் சோதித்துக் காட்டி, வீட்டுக்காரரிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டான். கிளம்புகிற நேரத்தில்தான் அவருடைய தங்கை வந்து, ஒரு நிமிஷம் பின்னால் வரமுடியுமா என்று கேட்டு, இந்த அறைக்குக் கூட்டிவந்தாள்.

“எனக்குப் பெருசா ஒண்ணும் வேணாம் தம்பி. சனிக்கிழமை சாயந்தரம் அஞ்சு மணிக்கு என் பொண்ணு வீடியோல வருவா. ஏழு வயசு. அவங்க அப்பாகிட்ட இருக்கா. வாரத்துக்கு அரை மணி நேரம்னு பேசி வச்சிருக்கு. இந்தத் தெருவுல செல்லுல பேச்சு வரும், படம் சுத்தமா வராது. அதுக்காகத்தான் அண்ணன்கிட்ட கெஞ்சிக் கூத்தாடி இதப் போட வச்சேன்.”

“ஹால்ல உக்காந்து பேசினீங்கன்னா சூப்பரா இருக்கும்க்கா.”

அவள் ஹால் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். “அங்க எல்லாரும் இருப்பாங்க இல்ல,” என்றாள்.

அவன் மணியைப் பார்த்தான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினான்.

முதல் அழைப்பு அந்தச் சனிக்கிழமை ஐந்தே முக்காலுக்கு வந்தது. அவன் ஒரு கம்பத்தின் உச்சியில் இருந்தான். “ரூட்டர ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்கக்கா,” என்றான். தலைவலிக்கு மாத்திரை சொல்வதுபோல எல்லோரிடமும் அவன் சொல்வது அது. அடுத்த சனிக்கிழமை மறுபடியும். “பண்ணினேன் தம்பி. டிவி நடுவுல நின்னுடுச்சுன்னு அண்ணி…” என்று இழுத்தாள். நாளைக்கே வந்து பார்ப்பதாகச் சொன்னான். ஏமாற்ற வேண்டும் என்று சொல்லவில்லை. சொன்ன அந்த நிமிடத்தில் போவதாகத்தான் இருந்தான். விடிந்தால் புது வீடுகளின் பட்டியல் வந்துவிடும். புது வீடு போட்டால் எண்ணிக்கையில் சேரும். பழைய வீட்டுக்கு மறுபடி போனால் முதலில் ஏன் ஒழுங்காகச் செய்யவில்லை என்ற கேள்விதான் வரும். மூன்றாவது வாரம் அவள் எண்ணைக் ‘கடைசி ரூம்’ என்று பதிந்து வைத்தான். மறக்காமல் போவதற்கு என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். ஆனால் அந்தப் பெயர் திரையில் வந்தபோதெல்லாம் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தான். பிறகு குரல் பதிவுகள் வந்தன. ஒன்றிரண்டைக் கேட்டான். அவள் சண்டை பிடித்திருந்தாலாவது ரோஷத்தில் போயிருப்பான். அவளோ ஒவ்வொரு முறையும், “வேலையா இருப்பீங்க, தெரியும்,” என்றுதான் ஆரம்பித்தாள். அதன்பின் வந்தவற்றைத் திறக்கவே இல்லை. ஒரு கட்டத்தில் அழைப்பும் பதிவும் நின்றுபோயின. சரியாகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். அப்படி நினைப்பது எவ்வளவு சுலபமாக இருந்தது என்பது பிற்பாடு அவனை வெகுநாள் உறுத்தியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவனுடைய கைப்பேசியில் இடமே இல்லை என்று அவன் மனைவி உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தாள். அவன் சவரம் செய்துகொண்டிருந்தான். திடீரென்று அந்தக் குரல் கூடத்தில் கேட்டது.

“தம்பி, வேலையா இருப்பீங்க, தெரியும். பாப்பா முகம் கட்டம் கட்டமா ஆயி அப்படியே நின்னுடுது. நான் பேசறதும் அங்க கேக்கல போல. ‘ஏம்மா பேசவே மாட்டேங்கற’ன்னு அழுதா. நான் இங்க கத்திக்கிட்டே இருக்கேன். ஒரு அரை மணி நேரம் வந்தீங்கன்னா போதும்.”

மனைவி தலையைத் தூக்கினாள். “யாருங்க இது?”

“கஸ்டமர்.”

“போனீங்களா?”

“வேலை இருந்துச்சு.”

அவள் தேதியைப் பார்த்தாள். “ரெண்டு மாசமாவா?” என்றாள். அந்தப் பதிவை மட்டும் அழிக்காமல் கைப்பேசியை அவன் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்துபோனாள். பாதிக் கன்னத்தில் நுரை காய்ந்துகொண்டிருந்தது.

அடுத்த சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டான். ஆபீஸில் சும்மா கிடந்த பழைய ரூட்டர் ஒன்றைக் கேட்டு வாங்கி, ஒரு சுருள் கேபிளும் ஏணியுமாக ஒரு மணிக்கே அந்த வீட்டு வாசலில் போய் நின்றான். வீட்டுக்காரர் லுங்கியை இறுக்கிக்கொண்டே கதவைத் திறந்தார்.

“நாங்க கம்ப்ளெயின்ட் ஒண்ணும் குடுக்கலையேப்பா?”

“இல்ல சார். அன்னைக்கு வேலைய முழுசா முடிக்காமப் போயிட்டேன்.”

பின்னாலிருந்து அவருடைய மனைவியின் குரல் வந்தது: “சுவர்ல கை வைக்கப்போறாரா?”

“பட்டி வச்சு, பெயிண்ட்டும் தொட்டுவிட்டுத்தான்மா போவேன். துளை போட்ட இடமே தெரியாது.”

கடைசி அறையில் மடிக்கணினி, மடித்து வைத்த துணிகளுக்கு அடியில் கிடந்தது. தங்கை அவனைப் பார்த்ததும் அடையாளம் தெரியாதவள்போல ஒரு கணம் நின்றாள். பிறகு, “இப்ப எதுக்கு தம்பி சிரமம்?” என்றாள். அதில் குத்தல் இல்லை. உண்மையாகவே அப்படித்தான் கேட்டாள்.

“இன்னிக்கு அஞ்சு மணிக்குப் பாப்பா பேசுவாங்கல்லக்கா?”

“போன மாசம் பூரா அவ வரல. அவளுக்கு இஷ்டம் இல்லன்னா நான் என்ன பண்றதுங்கறாரு அவங்க அப்பா.” துணிகளை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். “இன்னிக்குக் கேட்டுப் பாக்கறேன்.”

அன்று அவன் வேலை செய்ததை ஆபீஸில் யாராவது பார்த்திருந்தால் எக்ஸ்பிரஸ் என்ற பெயரையே பிடுங்கியிருப்பார்கள். படுக்கையறையின் மேல் விளிம்பு ஓரமாகவே கேபிளை ஓட்டி, சாண் இடைவெளிக்கு ஒரு கிளிப் அடித்தான். டிரில்லிங் மெஷினுக்கு அடியில் ஒரு தட்டைப் பிடித்து, சுவர்த் தூள் தரையில் விழாமல் ஏந்திக்கொண்டான். நடையைத் தாண்டும் இடத்தில் வெயில் படாமல் கேபிளைக் குழாய்க்குள் நுழைத்தான். மேசைக்கு மேலே ரூட்டரைப் பொருத்தி, பழைய பெயர், பாஸ்வேர்டு எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக வைத்தான். கைப்பேசியில் கோடுகள் முழுசாக நிமிர்ந்தன. நாலே முக்கால். எல்லாமாகச் சேர்த்து மூன்றரை மணி நேரம். இணைப்பு போட்டதிலிருந்து மூன்றரை மாதமாக அவன் போகாமலிருந்தது இதற்குத்தான். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டும் என்று ஏணியில் நின்றபோதெல்லாம் நினைத்திருந்தான். இறங்கியதும் வாயில் வந்தது, “இனிமே நிக்காதுக்கா,” என்பதுதான்.

அவள் தலையை வாரி, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மேசை முன் உட்கார்ந்தாள். அவன் நடைப்பக்கம் போய், அறைச் சுவரின் துளைக்குப் பட்டி வைக்க ஆரம்பித்தான். போய்விடலாம்தான். ஆனால் வேலை பாக்கி இருந்தது. திறந்த கதவு வழியாக அவளுடைய தோளும் திரையும் தெரிந்தன.

வெகுநேரம் மணி அடித்தது. பிறகு ஒரு ஆண் குரல், “இரு, கூப்பிடறேன்,” என்றது. அதற்குப் பின் ஒரு சிறுமி ஓடிவந்து சுழல் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள்.

“செல்லம்! அம்மா தெரியறேனா?”

“ம், தெரியறே.”

“பேசறது கேக்குதா?”

“கேக்குதும்மா.”

அப்புறம் இருவருக்கும் பேச்சு ஓடவில்லை. இத்தனை நாள் தடுக்கித் தடுக்கி நின்ற இடத்தில் இப்போது தடுக்க ஒன்றும் இல்லை. சாப்பிட்டாயா, புது டீச்சர் எப்படி என்றெல்லாம் அவள் கேட்டாள். குழந்தை காலை ஆட்டிக்கொண்டே ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னது. சிரித்தபோது முன்பல் இருந்த இடம் தெரிந்தது.

“ஐயோ, பல்லு விழுந்துடுச்சா! எப்போ?”

“அது எப்பவோ. உனக்குக் காட்டினேனே. நீதான் ஒண்ணுமே சொல்லல.” குறையாகக்கூடச் சொல்லவில்லை. கடிகாரத்தில் மணி பார்த்துச் சொல்வதுபோலச் சொன்னது. அந்த இடத்தில் புதுப் பல் பாதி முளைத்திருந்தது.

அவன் பட்டியை ஒரே இடத்தில் மறுபடி மறுபடி தடவிக்கொண்டிருந்தான்.

“நான் போகட்டா? கீழ பிரெண்ட்ஸ் வெயிட் பண்றாங்க.”

அவள் வாயைத் திறந்தாள். இன்னும் இருபத்தைந்து நிமிடம் இருந்தது. “சரி கண்ணு. பாத்து விளையாடு,” என்றாள்.

அழைப்பைத் துண்டிக்காமலே குழந்தை குதித்து இறங்கி ஓடிற்று. செருப்பு மாட்டும் சத்தம், கதவு சாத்தும் சத்தம். யாருமில்லாத நாற்காலி மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருந்த படத்தில், வீட்டுக் கூரைக்கு அடித்த சிவப்பு வண்ணம் கோட்டைத் தாண்டி வழிந்திருந்தது தெரிந்தது. மேசை விளிம்பில் பென்சில் சீவிய சுருள்கூடத் தெரிந்தது. எங்கேயும் ஒரு கட்டம் விழவில்லை, எதுவும் நிற்கவில்லை. நாற்காலி அரைச் சுற்று சுற்றி, அவளுக்கு முதுகைக் காட்டி ஓய்ந்தது. அங்கே திறந்திருந்த ஏதோ ஒரு ஜன்னல் வழியாக, எங்கோ கீழே குழந்தைகள் கத்துவது சன்னமாக வந்தது. அவள் மடிக்கணினியை மூடவில்லை. கையை நீட்டி, சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்தாள்.