உள்ளே இருக்கேன்

அந்த வீட்டில் கெட்டவர்கள் யாரும் இல்லை. முதலிலேயே இதைச் சொல்லிவிட்டால் பிறகு குழப்பம் இருக்காது.

ஒரு கூடம், அதன் ஓரத்தில் தடுப்பு வைத்த சமையலறை, பின்னால் ஒரு குளியலறை. எட்டுப் பேர். மாமனார் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மாமியார். பெரிய மகன், அவன் பெண்டாட்டி, அவர்களுடைய இரண்டு பெண்கள். சின்ன மகன், அவன் பெண்டாட்டி. கடைசியில் சொன்னவளை வீட்டில் எல்லாரும் சின்னவள் என்றுதான் கூப்பிட்டார்கள். பாய்களை விரித்தால் தரை தெரியாது. ஒருவர் புரண்டு படுத்தால் வரிசையாக நாலு பேர் புரள வேண்டும். யார் போனில் பேசினாலும் பதிலை மற்றவர்கள் எடுத்துக் கொடுப்பார்கள்.

சின்னவளுக்கு இதிலெல்லாம் பெரிய வருத்தம் கிடையாது. நாளில் கொஞ்ச நேரம் தன்னை யாரும் பார்க்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது. அதற்கு அந்த வீட்டில் இருந்த ஒரே இடம் குளியலறை. உள்ளே தாழ்ப்பாள் போடுகிற கதவு அது ஒன்றுதான்.

சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போடுவாள். சத்தமே வராமல் போட அவளுக்குத் தெரியும். ஒரு வாளியில் தண்ணீர் சன்னமாக விழும்படி குழாயைத் திறந்துவிட்டு, இன்னொரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்காருவாள். முதுகைச் சுவரில் சாய்த்துக் காலை நீட்டுவாள். அழ மாட்டாள். பாட மாட்டாள். போனைக்கூட எடுத்துப் போக மாட்டாள். காலையிலிருந்து யாருக்காவது காட்டிக்கொண்டே இருந்த முகத்தைக் கழற்றி ஆணியில் மாட்டியது போல இருக்கும். பிறகு எழுந்து, நாலு சொம்பு ஊற்றிக்கொண்டு, முகத்தை மறுபடி மாட்டிக்கொண்டு வெளியே வருவாள்.

வேலையும் அப்படிப்பட்ட வேலை. மருந்து கம்பெனியில் டப்பா கட்டும் பிரிவு. நீளமான மேசையின் இரண்டு பக்கமும் பெண்கள் நெருக்கி உட்கார்ந்து, மாத்திரை அட்டையைப் போட்டு, மடித்த தாளைச் செருகி, மூடித் தள்ள வேண்டும். முழங்கை இடிக்காமல் செய்ய முடியாது. இடது பக்கத்துக்காரியின் இருமல், வலது பக்கத்துக்காரியின் மருமகன் சண்டை, இரண்டும் அவளுக்கு மனப்பாடம். திரும்பி வரும் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கக்கூட இடம் இருக்காது. பிடிக்காமலே நிற்கலாம், விழ வழியில்லை.

குளியலறையில் அவள் தங்குவது வீட்டுக்கு நல்ல தமாஷாக இருந்தது. "வண்டி டெப்போவுக்குப் போயிடுச்சு, இனி காலையிலதான் கிளம்பும்" என்பார் மாமனார். அழுக்கைத் தேய்க்கிறாளா தோலை உரிக்கிறாளா என்று ஓரகத்தி கேட்பாள். மாமியார் அந்தப் பக்கம் போகும்போது கதவில் ஒரு தட்டுத் தட்டுவாள்.

"சின்னவளே, இருக்கியா?"

"இருக்கேன் அத்தை."

இந்தக் கேள்விக்கும் பதிலுக்கும் அப்போது ஒரு கனமும் கிடையாது. பஸ்ஸில் டிக்கெட் கேட்பதும் கொடுப்பதும் போலத்தான்.

கீழ் வீட்டில் ஒரு தையல்காரர் இருந்தார். ஒரு நாள் மத்தியானம் அவர் மனைவி குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டவள் திரும்பி வரவில்லை. கதவை உடைக்க நேரமாகிவிட்டது. உடைத்தவர்களில் சின்னவளின் கணவனும் ஒருவன். அந்தத் தாழ்ப்பாளை அவனுக்குத் தெரியும். அவன் வேலை பார்க்கும் ஹார்டுவேர் கடையில் தையல்காரருக்கு அவனே எடுத்துக் கொடுத்தது. யானை வந்து இடித்தாலும் பெயராது என்று சொல்லித்தான் கொடுத்திருந்தான்.

அதன் பிறகு அந்தக் கட்டிடத்தின் மாடிப்படியில் வேறு பேச்சே இல்லை. செத்தவள் கடைசியாக என்ன சொன்னாள், யாரிடம் சொன்னாள் என்று ஆளுக்கொன்றாகப் பொறுக்கிச் சேர்த்தார்கள். அதில் ஒன்றை மாமியார் மடியில் கட்டிக்கொண்டு மேலே வந்தாள். அந்த வாரம் முழுக்க செத்தவள் "என்னைக் கொஞ்சம் தனியா விடுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாளாம். யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லையாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். சின்னவள் உள்ளே போய் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தாள். மாமியார் வந்து தட்டினாள். இருக்கேன் அத்தை என்றாள். ஓரகத்தி வந்து தட்டினாள். இருக்கேன் அக்கா. பெரிய குழந்தையை அனுப்பித் தட்டச் சொன்னார்கள். அது போய்ச் சின்னதைக் கூட்டிக்கொண்டு வந்தது. பிறகு கணவன் வந்து, தட்டாமல், கதவுக்கு வெளியே நின்று மூச்சு விட்டான். அந்த மூச்சு அவளுக்குக் கேட்டது. எழுந்து கதவைத் திறந்தாள். கோபமாகக்கூட இல்லை, உப்பு எங்கே என்று கேட்கிற குரலில்தான் சொன்னாள்.

"என்னைக் கொஞ்ச நேரம் தனியா விடுங்களேன்."

மாமனார் கையை நீட்டி டிவியை அணைத்தார். அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை பகலில் டிவி அணைந்தது அன்றைக்குத்தான். ஓரகத்தி குழந்தைகளை இழுத்துத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கீழ் வீட்டுக் கதை அதற்குள் சின்னவளுக்கும் தெரியும். ஆனால் தன் வாயில் வந்தது யாருடைய வார்த்தை என்பது, அவர்கள் முகங்களைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

மறுநாள் அவள் வேலையிலிருந்து வந்தபோது கணவன் குளியலறைக் கதவு முன்னால் குந்தி உட்கார்ந்து திருப்புளியால் திருகிக்கொண்டிருந்தான்.

"என்னங்க பண்றீங்க?"

"கழட்டறேன். துருப்பிடிச்சுப் போச்சு."

"புதுசு எங்க?"

கடைசித் திருகு வர மறுத்தது. அவன் அதில் எண்ணெய் விட்டுக் காத்திருந்தான்.

"நான் சாகப் போறேன்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல."

"அப்புறம் என்ன?"

"அவளும்தான் சொல்லல" என்றான். "இன்னொரு கதவை என்னால உடைக்க முடியாது. புரிஞ்சுக்கோ."

தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நாலு ஓட்டை விழுந்தது. யாராவது எட்டிப் பார்த்தால் அவளுக்குக் கூச்சமாக இருக்குமே என்று ஊறிய சோப்பைப் பிய்த்து அவனே அந்த ஓட்டைகளை அடைத்தான். அதுவும் அக்கறைதான்.

அன்றிலிருந்து வீடே கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு அவளைப் பார்த்தது. காலையில் கணவன் கம்பெனி வாசல் வரை வந்தான். சாயங்காலம் மாமனார் வந்து கூட்டிப்போனார். அவள் குளிக்கும்போது ஓரகத்தி கதவோரம் உட்கார்ந்து துணி மடித்தாள். படுக்கும்போது மாமியார் தன் முந்தானை நுனியை அவள் முந்தானையோடு சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டாள். இவள் புரண்டால் அவள் விழித்தாள், அவள் புரண்டால் இவள் விழித்தாள். தமாஷ் நின்றுபோனது. மாமனார் டெப்போ என்ற சொல்லை மறந்தும் எடுக்கவில்லை. எல்லாரும் அவளிடம் மெதுவாகப் பேசினார்கள். கேலி செய்த நாட்கள் எவ்வளவு நல்ல நாட்கள் என்று அவளுக்குப் பட்டது. அப்போது அவளை நினைத்துச் சிரித்துவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். இப்போது அவள்தான் எல்லாருக்கும் வேலை.

ஒரு நாள் மாமனாருக்குக் காய்ச்சல். அவள் மட்டும் பஸ் ஏறினாள். இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தாள். பூட்டிய கடைகள், சுவரொட்டி கிழிந்த சுவர், யாரோ தண்ணீர் தெளித்திருந்த நடைபாதை. யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. கையை வீசி நடந்தாள். முகம் தானாகக் கழன்றது.

தெருமுனையில் பெரியவன் ஸ்கூட்டரில் எதிரே வந்தான். வீட்டு வாசலில் கூட்டம். மாமியார் படிக்கட்டில் உட்கார்ந்து நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்தாள்.

"எங்கடி போன?"

"நடந்து வந்தேன் அத்தை."

"யார் கூட?"

"யார் கூடவும் இல்ல. சும்மா, தனியா."

மாமியார் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். இவளோடு சேர்ந்து வந்தவன் ஒருத்தன் இருந்தான் என்று தெரிந்திருந்தால்கூட அவள் அவ்வளவு பயந்திருக்க மாட்டாள். சின்னவள் அவளுக்கு ஆறுதல் சொன்னாள். இனி இப்படிச் செய்ய மாட்டேன் என்று சத்தியம் செய்தாள். மாமியாரின் பயம் பொய் இல்லை என்பது அவளுக்கும் தெரிந்தது. ஆத்திரப்படக்கூட இடம் இல்லை.

தூக்கம் கெட்டது. சோறு இறங்கவில்லை. மேசையில் ஒரே டப்பாவில் இரண்டு தாளைச் செருகி வைத்தாள், சில டப்பாவில் தாளே இல்லை. சூப்பர்வைசர் கணவனைக் கூப்பிட்டுச் சொன்னார். பார்த்தாயா, இளைத்துவிட்டாள், கை நடுங்குகிறது, பேச்சே இல்லை என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். அவர்கள் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை.

டாக்டர் அறைக்குள் குழந்தைகளைத் தவிர எல்லாரும் போனார்கள். கண்ணாடி போட்ட, நடு வயது டாக்டரம்மா. மாமியார் ஒரு கதையும் கணவன் ஒரு கதையும் சொல்ல ஆரம்பித்ததும் அவர் கையை உயர்த்தினார். எல்லாரும் வெளியே இருக்க வேண்டும், இவர் மட்டும் இருந்தால் போதும் என்றார்.

கதவு கனமான கதவு. தானாக, மெதுவாக மூடிக்கொண்டு, கடைசியில் மெத்தென்று ஒரு சத்தம் போட்டது. வெளியே இருந்த ஆஸ்பத்திரி முழுக்க அதோடு அறுந்து போனது. மின்விசிறி மட்டும் சுற்றியது. டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு சின்னவளை யாரும் பார்க்கவில்லை. நாற்காலியில் முதுகைச் சாய்த்தாள். மேசைக்குக் கீழே காலை நீட்டினாள். முகத்தைக் கழற்றினாள்.

"செத்துடலாம்னு தோணுதா உங்களுக்கு?" டாக்டர் திரும்பிக் கேட்டார்.

இல்லை என்ற பதில் நாக்கு நுனியிலேயே இருந்தது. சொன்னால் பேச்சு முடிந்துவிடும். முடிந்தால் கதவு திறக்கும். இன்னும் கொஞ்சம் போகட்டும் என்று பதிலை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டாள். டாக்டர் அவசரப்படுத்தவில்லை. கேட்டுவிட்டுச் சும்மா காத்திருக்கத் தெரிந்த ஒரு மனுஷியை அவள் அதுவரை பார்த்ததில்லை. அந்த நிம்மதியில் கண் நிறைந்தது. துடைக்கத் தோன்றவில்லை, வழிந்தது.

டாக்டர் மணியை அடித்தார். எல்லாரும் உள்ளே வந்தார்கள். ஒரு வாரம் வார்டில் இருக்கட்டும், அதற்குப் பிறகு பார்க்கலாம் என்று கணவனிடம் சொன்னார்.

சின்னவள் நிமிர்ந்தாள். "தனி ரூமா, டாக்டர்?"

அவர் முகம் இளகியது. "தனியா எல்லாம் விட மாட்டோம்மா. பயப்படாதீங்க. ராத்திரி பகல் எப்பவும் ஒருத்தர் கூடவே இருப்பாங்க."

"இல்ல டாக்டர், எனக்கு ஒண்ணும் இல்ல. நான் அப்படியெல்லாம் நினைக்கவே இல்ல. எனக்குக் கொஞ்சம்..."

அங்கே நின்றுவிட்டாள். அடுத்து வர வேண்டிய வார்த்தை அவளுக்குத் தெரியும். அதைச் சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரியும். அது ஒன்றைத் தவிர வேறு வார்த்தை கிடைக்குமா என்று தேடினாள். மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு அவளையே பார்த்தாள்.

"கொஞ்சம் என்னம்மா?" என்றார் டாக்டர்.

"ஒண்ணுமில்ல."

டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டு எழுதினார்.

வார்டு ஒரு நீளக் கூடம். கம்பெனி மேசை போலவே இரண்டு பக்கமும் பெண்கள், உட்காருவதற்குப் பதில் படுத்திருந்தார்கள். விளக்கை அணைப்பதில்லை என்றாள் நர்ஸ். ஊக்கு, கொண்டை ஊசி, வளையல் எல்லாவற்றையும் வாங்கி ஒரு உறையில் போட்டு ஓரகத்தியிடம் கொடுத்தாள். மாமியார் அவள் தலையைத் தடவி, இனி எங்களுக்குப் பயம் இல்லை, நீயும் நிம்மதியாக இரு என்றாள். அன்று வீட்டில் மாமியார் நன்றாகத் தூங்கியிருப்பாள். யாரும் குற்றம் சொல்ல முடியாது.

அவர்கள் போன பிறகு சின்னவள் குளியலறைக்குப் போக வேண்டும் என்றாள். நீலப் புடவை கட்டிய ஆயா ஒருத்தி கூடவே வந்தாள்.

"தாழ்ப்பாள் கிடையாது தாயி. சும்மா சாத்திக்கோ. நான் இங்கதான் நிப்பேன். நடுநடுவுல கூப்பிடுவேன், குரல் குடு. குரல் வரலேன்னா உள்ள வந்துடுவேன்."

உள்ளே கவிழ்த்துப் போட வாளி இல்லை. சுவரில் சாய்ந்து நின்றாள். கதவில், தாழ்ப்பாள் இருந்திருக்க வேண்டிய உயரத்தில், நாலு ஓட்டை. இங்கே யாரும் சோப்பு வைத்து அடைக்கவில்லை. ஓட்டைக்கு அந்தப் பக்கம் நீலம் தெரிந்தது.

"இருக்கியா?"

பதில் நாக்கு நுனியில் இருந்தது. அவள் சொல்லவில்லை. கேள்வி முடிந்து பதில் தொடங்காத அந்தச் சின்ன இடத்தில் யாரும் இல்லை. சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். காலை நீட்டப் பார்த்தாள்.

கதவு அசைந்தது.

"இருக்கேன்."

"கேக்கல. சத்தமா சொல்லு."