ஹில்டிங் கேட்ட மீன்

ஸ்டாக்ஹோம்காரர்களைப் பற்றி நான் நல்லதாக ஒரு வார்த்தை சொல்லப் போவதில்லை. முதலிலேயே சொல்லிவிட்டேன், அப்புறம் கிழவிக்கு வாய் நீளம் என்று பேசாதீர்கள்.

என் தம்பி ஹில்டிங்கின் ஒரே மகள் மாலினுக்கு ஜூனில் கல்யாணம். மாப்பிள்ளை யெஸ்பர் ஸ்டாக்ஹோம்காரன். கல்யாண விருந்தில் பெண்ணைப் பெற்றவன் எழுந்து நின்று பேசுவது எங்கள் வழக்கம். ஹில்டிங் சரியான ஊமைக்கோட்டான். பெண்டாட்டியைப் புதைத்த அன்றுகூட வாயைத் திறக்கவில்லை. அப்பேர்ப்பட்டவன் குளிர்காலம் முழுக்க மரலாரி ஓட்டிக்கொண்டே அந்தப் பேச்சைச் சத்தமாகச் சொல்லிப் பழகினான். மாலினோ, யெஸ்பரின் ஆபீஸ் ஆட்கள் வருவார்கள், விருந்து முழுக்க இங்கிலீஷில்தான் நடக்கும், நீங்கள் பேச வேண்டாம் என்று போனிலேயே முடித்துவிட்டாள். பெத்த மனம் பித்து இல்லையா? நேரில் கேட்டால் சம்மதிப்பாள் என்று ரயிலேறினான். துணைக்கு நானும் போனேன்.

மாலினும் யெஸ்பரும் எங்களைச் சாப்பிட ஒரு இடத்துக்குக் கூட்டிப்போனார்கள். உட்கார்ந்தால் முட்டி மோவாயை இடிக்கும், அப்படி ஒரு நாற்காலி. சாப்பாட்டு அட்டை முழுக்க இங்கிலீஷ். ஸ்வீடன் தலைநகரத்தில், ஸ்வீடன்காரனுக்கு! இளவயதில் லண்டனில் பிள்ளை பார்க்கும் வேலை செய்தவள் நான், எனக்குப் புரிந்தது. ஹில்டிங்குக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. அட்டையை மூடி வைத்துவிட்டு, வந்து நின்ற பையனிடம் நம் பாஷையில் மரியாதையாகவே கேட்டான்.

"தம்பி, வெண்ணெயில பொரிச்ச ஸ்ட்ரொம்மிங் மீன் இருக்கா? மசிச்ச உருளைக்கிழங்கோட?"

பையன் சிரித்துவிட்டு, இங்கிலீஷில் சொல்ல முடியுமா என்று கேட்டான். அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். போர்ச்சுகலில் இருந்து போன மாதம் வந்தவனாம். ஸ்வீடிஷ் ஒரு வார்த்தைகூடத் தெரியாமல் ஸ்டாக்ஹோமில் பரிமாறலாம் என்று வேலை கொடுத்தானே, அந்த முதலாளியைத்தான் உதைக்க வேண்டும்.

"அப்பா, நீங்க சும்மா இருங்க. யெஸ்பர் சொல்லிடுவாரு" என்றாள் மாலின்.

"மீன் கேக்குறதுக்கும் ஆள் வைக்கணுமாம்மா?" என்றான் தம்பி.

"இங்க இப்ப எல்லாம் இப்படித்தான் மாமா. உலகம் மாறிப்போச்சு" என்று யெஸ்பர் பல்லைக் காட்டினான்.

"மாறின உலகத்துல மீன் பொரிக்கிறத நிறுத்திட்டாங்களாப்பா?" என்றேன் நான். மாலின் மேஜைக்கடியில் என் காலை மிதித்தாள்.

வந்தது பாருங்கள் சாப்பாடு! தட்டு என்னவோ பெரிய தட்டுதான். நடுவில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு மீன் துண்டு, மேலே சாம்பல் மாதிரி ஏதோ தூவியிருந்தார்கள். யானைப் பசிக்குச் சோளப்பொரி. ஹில்டிங் முணுமுணுக்காமல் தின்றான். தின்று முடித்துத் தொண்டையைச் செருமினான்.

"மாலின், அந்தப் பேச்சு... சுருக்கமாத்தான் வெச்சிருக்கேன்மா. உங்கம்மாவப் பத்தி ரெண்டு வார்த்தை."

மாலின் யெஸ்பரைப் பார்த்தாள். அவன் தோளைக் குலுக்கினான். பெற்ற அப்பன் பேச இவனிடம் அனுமதி!

"சரிப்பா. ஸ்வீடிஷ்லயே பேசுங்க. ஆனா ரொம்ப இழுக்கக் கூடாது. சம்மதமா?"

என் தம்பி முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். வடக்கே எங்கள் பக்கத்தில் 'ஆமாம்' என்று சொல்ல வாயைத் திறப்பதில்லை. உதட்டைக் குவித்து 'ஷூப்' என்று காற்றை உள்ளே இழுப்போம், அவ்வளவுதான். சந்தோஷம் கூடினால் இழுப்பும் கூடும். அன்று ஹில்டிங் இழுத்த இழுப்பு அந்தக் கடை முழுக்கக் கேட்டது.

போர்ச்சுகல் பையன் பதறிப்போய்த் தண்ணீரோடு ஓடிவந்தான். தொண்டையில் முள் மாட்டிக்கொண்டது என்று நினைத்து முதுகைத் தடவினான், பாவம். பக்கத்து மேஜைக்காரர்கள் எல்லாம் கழுத்தைத் திருப்பினார்கள்.

மாலின் அந்தச் சத்தத்தில் வளர்ந்தவள். பேச்சு வருவதற்கு முன்னாலேயே 'ஷூப்' போடக் கற்றவள். எங்கள் ஊரில் ஆமாம் என்று இப்படித்தான் சொல்வோம் என்று அவனிடம் ஒரு வார்த்தை சொன்னால் என்ன, நாக்கு அழுகிவிடுமா? காது வரைக்கும் சிவந்துபோய், இங்கிலீஷில் சொன்னாள்:

"மன்னிச்சிடுங்க, அவருக்கு ஆஸ்துமா."

யெஸ்பர் துணியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

ஹில்டிங்குக்கு இங்கிலீஷ் தெரியாதுதான். ஆனால் அந்த நோய்க்கு எங்கள் பாஷையிலும் அதே பேர். என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் தட்டைப் பார்த்துக்கொண்டேன். பையன் கொடுத்த தண்ணீரைத் தம்பி கடைசிச் சொட்டுவரை குடித்து, அவன் கையைத் தட்டிக்கொடுத்தான்.

"அக்கா, கோட்டை எடு."

"என்னப்பா, இனிப்பு இன்னும் வரலையே!" என்றாள் மாலின்.

"நீங்க சாப்பிடுங்கம்மா." கழுத்துவரை பொத்தானைப் போட்டுக்கொண்டான். குரலில் கோபமே இல்லை. "அந்தப் பேச்சு வேண்டாம் மாலின். ஆஸ்துமாக்காரன் நின்னு பேசினா மூச்சு வாங்கும்."

நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் அதில் நிம்மதிதான் வந்தது. வெட்கம் அதற்கப்புறம்தான் வந்தது.